பேச்சியம்மாளுக்கு நான் போட்ட களிம்பு

களிம்பு போடுவதற்கு என்ன பெரிய யோசனை வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஊசி என்றால் இடம் பார்க்க வேண்டும், மாத்திரை என்றால் அளவு பார்க்க வேண்டும். களிம்பு மேலே தடவுவதுதானே, அதில் என்ன கெட்டுவிடும்? இருபத்து நான்கு வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். புதிதாகச் செவிலியர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என் அனுபவத்தைக் கேட்கும்போது, பிரசவம் பார்த்த கதைகளையும் பாம்புக்கடிக் கதைகளையும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவற்றில் நான் நல்லவளாகத் தெரிவேன். இதில் அப்படித் தெரியமாட்டேன். இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணமும் அதுதான்.

எழுபதுகளின் பிற்பாதி. மதுரையில் படிப்பை முடித்த கையோடு போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து மருந்தகத்தில் வேலை கிடைத்தது. தகரம் வேய்ந்த இரண்டு அறை. டாக்டர் போடியிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார். மழையில் பாதை சரிந்துவிட்டால் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் நான்தான் எல்லாம்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியில், தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் காய்க்கும். காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுக்க ஈரத்தில் குந்தியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். மூக்குப்பொடியும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டுதான் காட்டுக்குள் போவார்கள். அப்படியும் சாயங்காலம் ஆளுக்கு ஐந்தாறு கடியாவது இருக்கும். கடித்த இடத்தைச் சொறிவார்கள், சேறு படும், மூன்றாம் நாள் சீழ் வைத்துவிடும்.

அதற்கு டாக்டர் எனக்குக் கொடுத்திருந்தது நியோமைசின் களிம்பு. புண்ணைக் கழுவி, மேலே காய்ந்த பக்கை ஊறவைத்து எடுத்து, மெல்லிசாகத் தடவிக் கட்டுப் போட்டால் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். மஞ்சள் நிறமாக இருந்ததால் பெண்கள் அதற்கு ‘மஞ்ச மருந்து’ என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட நடந்து வந்து, “சிஸ்டர், அந்த மஞ்ச மருந்து கொஞ்சம் போட்டுவிடுங்க” என்று கேட்பார்கள். அவர்கள் மருந்தைப் புகழ்ந்தார்கள். நான் என்னைப் புகழ்வதாக எடுத்துக்கொண்டேன்.

பேச்சியம்மாள் ராசிங்காபுரத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஊரில் அண்ணன் வீட்டில் இருப்பு. ஒவ்வொரு வருஷமும் காய் எடுப்புக்கு மலையேறி வந்து, தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் மற்றப் பெண்களோடு தங்குவார். அதிகம் பேசமாட்டார். ஆனால் பார்க்கிற கண் உண்டு. ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது இன்னும் நாலு நாளு கெடக்கணும்” என்பார். அவர் கூடையில் பிஞ்சுக் காய் ஒன்றைப் பார்க்க முடியாது என்று கங்காணியே சொல்லுவார்.

அந்த மழையில் அவருக்கு இரண்டு கணுக்காலிலும் அட்டைக் கடி சீழ் வைத்தது. களிம்பு போட்டேன். ஒரு வாரத்தில் சீழ் நின்றது. முழுசாக ஆறட்டும் என்று தொடர்ந்து போடச் சொல்லி ஒரு டப்பாவையும் கையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தார். புண் இருந்த இடத்தைச் சுற்றிச் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்பளம் கிளம்பி, நீர் வடிந்துகொண்டிருந்தது.

“ராத்திரி கண்ணு மூட முடியல சிஸ்டர். அரிச்சுக் கொல்லுது.”

“சொறிஞ்சா அரிக்கத்தான் செய்யும். நகத்துல எவ்ளோ அழுக்கு பாருங்க” என்றேன். கழுவிவிட்டு, முன்பைவிடத் தடிமனாகக் களிம்பை அப்பி, கட்டையும் பெரிதாகப் போட்டேன். காலையும் மாலையும் வரச் சொன்னேன்.

நாலு நாளில் சிவப்பு கெண்டைக்கால் வரை ஏறியது. நான் கட்டை இன்னும் மேலே ஏற்றினேன். சிவப்பும் ஏறியது. டாக்டர் வருகிற முறை தவறிவிட்டது. மண் சரிந்து பாதை அடைந்து கிடந்தது. காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். ஒவ்வொரு நாளும் கங்காணி வாசலில் வந்து நின்று, “இந்தம்மா எப்ப வேலைக்கு வரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் மருந்து கேட்கவில்லை என்று லயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பதும் என் காதுக்கு வந்தது. அதுதான் என்னை உறுத்தியது. அவருடைய கால் அவ்வளவாக உறுத்தவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலை, பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கும்போது கட்டைப் பிரித்தேன். பேச்சியம்மாள் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“சிஸ்டர், தப்பா நெனைக்காதீக. கட்டு முடியிற எடத்துல கோடு போட்ட மாதிரி புண்ணும் நிக்குது. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. இந்தா, மருந்து தடவுற ரெண்டு வெரல்லயும் வந்துருக்கு. மத்த வெரலு நல்லாத்தான் இருக்கு. மருந்துதான் சேரலையோன்னு…”

அவர் விரலை நீட்டினார். நான் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். கங்காணியும் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது.

“ஊருக்கே கேக்குற மருந்து ஒனக்கு மட்டும் சேரலையா? மூணு வருஷம் படிச்சிட்டு வந்திருக்கேன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா? குளிச்சு எத்தன நாளாச்சு? சுத்தமா இருந்தா இது ஏன் பரவுது? இது தொத்துற புண்ணு. லயத்துல எல்லாருக்கும் குடுத்துட்டுத்தான் விடப்போற.”

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதுவரை ‘நீங்க’ என்றுதான் பேசியிருந்தேன். அன்று ‘நீ’ என்றேன். அவர் நீட்டிய விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

‘தொத்து’ என்ற அந்தச் சொல் எனக்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்விட்டது. மதியத்துக்குள் குழாயடியில் அவர் குடத்தைத் தனியாக நகர்த்தி வைத்திருந்தார்கள். ஒரே அறையில் படுத்த பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் தோலில் பரவுகிற எதற்கும் சனங்கள் ஒரே ஒரு பெயர்தான் வைப்பார்கள், குஷ்டம் என்று. அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் கங்காணி வந்தார். “சிஸ்டர், பொம்பளையாளுக பயப்படுறாக. நீங்க எழுதிக் குடுத்தா நான் கீழ அனுப்பிச்சிருவேன்” என்றார். ‘தொற்றும் தோல் நோய். குணமாகும் வரை வேலைக்கு ஏற்றவர் அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் வரட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கலாம். எனக்கும் அவர் காலைத் தினமும் பிரித்துப் பார்ப்பது நின்றால் போதும் என்றிருந்தது.

பாதை சரியானதும் ஆட்களை இறக்குகிற ஜீப்பில் அவரை ஏற்றினார்கள். உள்ளே இருந்த பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடமில்லாமல் செய்தார்கள். ஜீப் ஓட்டுகிற மலையாளத்துச் சேட்டன் திரும்பிப் பார்த்து, “பின்னாடி இருந்தா மதி” என்றார், பின்னால் உட்கார்ந்தால் போதும் என்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே தொங்கும் பலகையில் பேச்சியம்மாள் உட்கார்ந்தார். அப்போது எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஓடிப்போய் இரண்டு டப்பா மஞ்சள் களிம்பை அவர் கையில் கொடுத்து, “ஒரு வேள கூட விடாமப் போடுங்க” என்றேன். அன்று நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் டாக்டர் வந்தார். பணி ஓய்வை நெருங்கிய மனிதர், குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார்.

“வலின்னு சொன்னாங்களா, அரிப்புன்னு சொன்னாங்களா?”

“அரிப்பு, டாக்டர்.”

“காய்ச்சல்?”

“இல்ல.”

“தொடையில நெறி கட்டியிருந்துச்சா?”

“பாக்கல.”

“எது வரைக்கும் பரவியிருந்துச்சு?”

பதில் என் வாய்க்கு வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. “கட்டு முடியிற வரைக்கும்” என்றேன்.

“நீ கவனிச்சியா இத?”

“அவங்களே சொன்னாங்க.”

அவர் பேனாவை மூடிவைத்தார். “கிருமியால வந்த புண்ணு ஒரு வாரத்துல ஆறிப்போச்சும்மா. அதுக்கப்புறம் நீ பாத்ததெல்லாம் மருந்தால வந்தது. பச்சப் புண்ணுல வாரக்கணக்கா இந்தக் களிம்பப் போட்டா சிலருக்கு ஒத்துக்காமப் போயிரும். போடப் போடக் கூடும். கூடுதேன்னு நாமளும் இன்னும் போடுவோம். நானும் ஒருதடவ இப்படிச் செஞ்சிருக்கேன். ஒரு நாளாச்சும் நிறுத்திப் பாத்தியா?”

“இல்ல டாக்டர். போகும்போது இன்னும் ரெண்டு டப்பா குடுத்து அனுப்பிட்டேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. “அப்ப நாளைக்கே எறங்கிப் போ. நீயே போகணும். ஆள்கிட்டச் சொல்லி அனுப்பாத” என்றார்.

மறுநாள் போடிக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ராசிங்காபுரம் போய்ச் சேரும்போது உச்சி வெயில். அண்ணன் வீட்டில் விசாரித்தேன். மாட்டுக் கொட்டத்தை ஒட்டிய சாய்ப்பைக் காட்டினார்கள். அங்கே ஒரு பாய், ஒரு பானை, ஓர் அலுமினியத் தட்டு. பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். அவரை நான் சும்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

“வாங்க சிஸ்டர்” என்றவர், நான் சுற்றிலும் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “ஒரு சோலியும் குடுக்க மாட்றாக. நான் தொட்டாத் தொத்திக்கிருமாம்” என்றார்.

காலைக் காட்டச் சொன்னேன். காய்ந்திருந்தது. கறுத்த தோல் பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தது, ஈரமே இல்லை.

“மருந்து போடலையா?”

“நிறுத்திட்டேன். கீழ வந்த அன்னைக்கு எடது கால விட்டுட்டு வலது காலுக்கு மட்டும் போட்டேன். விட்ட காலு மூணா நாளே வத்திருச்சு. போட்ட காலு வடிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்பயும் எனக்கு மனசு கேக்கல. படிச்சவுக சொன்னது பொய்யாவா இருக்கும்னு, நல்லா இருக்குற கையில ஒரு துளி வச்சுத் தடவிக்கிட்டே வந்தேன்.” முழங்கைக்குக் கீழே உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒற்றை ரூபாய் அகலத்துக்கு வட்டமாகச் சிவந்து, பொடிக் கொப்பளங்களோடு இருந்தது. “அப்பறந்தான் ரெண்டு டப்பாவையும் குழி தோண்டிப் பொதைச்சேன். கன்னுக்குட்டி நக்கிறக் கூடாதுல்ல.”

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் செய்கிற சோதனையை, மாட்டுக் கொட்டத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தானாகச் செய்து முடித்திருந்தார். அதுவும், தன் சந்தேகம் தப்பாகத்தான் இருக்கும் என்ற பயத்தோடு. அந்தப் பயத்தைக் கொடுத்தவள் நான்.

“பேச்சியம்மா, மருந்துதான் காரணம். டாக்டர் சொன்னாரு” என்றேன். டாக்டர் சொன்னார் என்றுதான் சொன்னேன். நீங்கள் சொன்னது சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்குள் அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். அண்ணி கையைப் பிசைந்துகொண்டு கேட்டார்.

“சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. எங்களுக்கென்ன ஆசையா இவுகளத் தனியா வைக்க? வீட்டுல வயசுக்கு வந்த புள்ள இருக்கு. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவுக கேப்பாகல்ல? நீங்க எழுதிக் குடுத்த தாளுலயே தொத்துன்னு போட்டிருக்குதாமே?”

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்லவேண்டியது எனக்குத் தெரியும். ‘இவருக்கு நோயே இல்லை. நான் போட்ட மருந்தால் வந்தது. இவர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார், நான் கேட்காமல் அவமானப்படுத்தினேன்.’ இவ்வளவுதான். வெள்ளைச் சேலையும் கைப்பையுமாக அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, நான் சொன்னது வேறு.

“கொணமாயிருச்சு. இனிமே தொத்தாது. வீட்டுக்குள்ள கூப்புட்டுக்கங்க.”

அண்ணியின் முகம் தெளிந்தது. “நல்லாருப்பீக தாயி” என்று கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து காப்பி போட்டுக் கொடுத்தார். நான் அதைக் குடித்தேன்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பேச்சியம்மாள் கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டார்.

“சிஸ்டர், கொணமாயிருச்சுன்னு சொன்னீக.”

“ஆமா.”

“அப்ப, இருந்துச்சுன்னுதான அர்த்தம்?”

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

தோட்டத்துக்கும் அதே மாதிரிதான் எழுதினேன்: ‘குணமாகிவிட்டது, வேலைக்கு வரலாம்.’ அவர் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. லயத்தில் அவருக்கு வைத்த பெயர் அப்படியே இருந்தது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள்.

என் வேலைமுறை அதன்பின் மாறியது உண்மைதான். எந்தப் புண்ணாக இருந்தாலும் வலியா அரிப்பா என்று கேட்டேன். களிம்பை நாள் கணக்கு வைத்துக் கொடுத்தேன். டப்பாவோடு கொடுத்து அனுப்புவதை நிறுத்தினேன். மருந்து போட்டும் கூடினால், இன்னும் போடுவதற்கு முன் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். இவற்றை நீங்களும் செய்யுங்கள். ஆனால் இதெல்லாம் கைப்பழக்கம். கற்றுக்கொள்வது சுலபம். பத்துப் பேர் முன்னால் ‘தப்பு என்னுடையது’ என்று சொல்வதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நானும் கற்றுக்கொள்ளவில்லை.

எண்பதுகளில் எனக்கு அரசு வேலை கிடைத்துப் போடிப் பக்கமே வந்தேன். குரங்கணியில் மாதம் ஒருமுறை மருத்துவ முகாம் நடக்கும். ஒரு முகாமில், கையில் துணி சுற்றியபடி பேச்சியம்மாள் வரிசையில் நின்றார். தலை நரைத்திருந்தது. காப்பிச் செடியில் கிளை நறுக்கிக் கவாத்துப் பண்ணும்போது கத்தி இழுத்துவிட்டதாம். என்னைப் பார்த்தார், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. என்னோடு வந்திருந்த இளம் நர்ஸ் காயத்தைக் கழுவிவிட்டுக் களிம்பு டப்பாவைத் திறந்தாள். பேச்சியம்மாள் கையை இழுத்துக்கொண்டார்.

“அந்த மஞ்ச மருந்து வேணாம்மா. எனக்குச் சேராது.”

“சேராதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? எங்களுக்குத் தெரியாதா?” என்றாள் அந்தப் பெண். அது என் பழைய குரல்.

நான் எழுந்தேன். வரிசையில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: “அவுக சொல்றது சரி. பல வருஷத்துக்கு முன்னாடி நான் இவுகளுக்கு அந்த மருந்தப் போட்டு ரெண்டு காலையும் புண்ணாக்குனேன். மருந்துதான் சேரலன்னு இவுகதான் கண்டுபிடிச்சுச் சொன்னாக. நான் கேக்காம, தொத்து நோயின்னு எழுதிக் கீழ அனுப்பிட்டேன். இவுகளுக்கு நோயே இல்ல. தப்பு என்னோடது.” இத்தனை வருஷம் கழித்தாவது சொல்லிவிட்டேன் என்று இருந்தது.

பேச்சியம்மாள் முழுசாகக் கேட்டார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்.

“இத அங்கல்ல சொல்லிருக்கணும் சிஸ்டர். இங்க இருக்கவுகளுக்கு என்னய யாருன்னே தெரியாது.”

நானே காயத்துக்கு வெறும் துணிக் கட்டுப் போட்டேன். “வெரசாக் கட்டுங்க, ஜீப்பு போயிரும்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரம் போனேன். அண்ணன் இறந்துபோயிருந்தார். அண்ணிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. குரங்கணியில் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“கொணமாயிருச்சுன்னு அன்னைக்கு நீங்க சொன்னீகள்ல சிஸ்டர்? வந்த நோயி திரும்பவும் வரும்லன்னு எங்களுக்குப் பயம் போகவே இல்ல. உள்ளதான் கூப்புட்டுக்கிட்டோம். ஆனா வேத்தாளாத்தான் வச்சிருந்தோம். அவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு நாளு சொல்லாமக் கெளம்பிப் போயிட்டாக. அவுக அண்ணன் செத்ததுக்கு வந்தாக. வாசல்லயே நின்னு பாத்தாக. உள்ள வாங்கன்னு நான் அழுது கூப்புட்டேன். ‘வேணாம் மதினி, நாலு பேரு வந்து போற எடம்’னு சொல்லிட்டுத் திரும்பி நடந்துட்டாக.”

அந்த அண்ணியிடம் உண்மையைச் சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.